கோட்டில் உடையாத குளிசை: ஹைட்ரோகோட்டிசோன் 10 மி.கி., நான்கு ஆண்டுப் பாவனைக்குப் பின்

இந்தக் குளிசையின் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் அது உடைவதில்லை என்பதே என் முதற்குறை. வெள்ளை நிறமான, சுண்டுவிரல் நகத்திலும் சிறிய இந்தப் பத்து மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோனை என் தாயார் நான்கு ஆண்டுகளாக நாளுக்கு மூன்று வேளை உட்கொண்டு வருகிறார். காலையில் ஒன்று, மதியம் அரை, பின்னேரம் கால் என்பது வைத்திய நிபுணர் அவருக்கு எழுதிக் கொடுத்த கணக்கு. அரையும் காலும் வேண்டியவருக்கு முழுக் குளிசையை மட்டும் விற்பது, அரைக்கொத்து அரிசி கேட்டு வந்தவரின் தலையில் மூட்டையை ஏற்றிவிடுவது போன்றது. பழம் வெட்டும் கத்தியோடு இரண்டு ஆண்டுகள் போராடினேன். ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி சிறிதாகவும் வரும், கால் துண்டு பெரும்பாலும் தூளாகிவிடும். பிறகுதான் மூடியின் உட்புறத்தில் அலகு பொருத்திய, குளிசை வெட்டும் சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கினேன். பாதிகள் இப்போது ஏறத்தாழச் சரியாக வருகின்றன. கால்கள் இன்னமும் ஐயத்துக்குரியனவே. இன்று சற்றுக் குறைந்த துண்டு போனால் நாளை சற்றுக் கூடிய துண்டு போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்று வைத்திய நிபுணர் சொன்ன பின்னர், கணிதம் கற்பிக்கும் எனக்கு ஓரளவு மன அமைதி கிடைத்தது.

குறையிலிருந்து தொடங்கியதால் இதை நான் வெறுக்கிறேன் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்தக் குளிசை இல்லையென்றால் அம்மா இன்று எங்களோடு இல்லை.

நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய ஓர் ஆண்டு முழுவதும் அவரது உடல் எங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. வாசிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. விரல் மொளிகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தன. பல் முரசிலும் கரும்படலம் தோன்றியது. கொக்குவில் வெயிலில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுபவர் கறுக்காமல் வேறென்ன செய்வார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். வெயில் உள்ளங்கையிலும் முரசிலும் படுவதில்லை என்ற எளிய எண்ணம் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. உடல் மெலிந்தது, பசி போயிற்று, இருந்து எழும்பினால் தலை சுற்றியது. மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பவர், பின்பு மாங்காயை விட்டுவிட்டு உப்பை மட்டும் தொட்டு நக்கத் தொடங்கினார். "பிள்ளை, எனக்கு எழும்ப ஏலாமல் கிடக்கு" என்று அவர் சொன்னபோதெல்லாம் வயதைக் காரணம் காட்டினோம். ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் விற்றமின் குளிசைகள் கொடுத்தார்கள்; இன்னோரிடத்தில் சேலைன் ஏற்றினார்கள். சேலைன் ஏறிய மறுநாள் அவர் எழுந்து சமைத்ததைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோமே தவிர, உப்புநீர் ஏற்றியவுடன் ஒருவர் ஏன் தேறுகிறார் என்று கேட்கவில்லை.

2021 இறுதியில் வாந்தியும் வயிற்றுநோவுமாக அவர் மயங்கி விழுந்த அன்றுதான் விடை கிடைத்தது. இரத்தத்தில் 135 இற்கும் 145 இற்கும் இடையில் இருக்க வேண்டிய சோடியம் 119 ஆக இறங்கியிருந்தது; ஐந்தைத் தாண்டக் கூடாத பொற்றாசியம் ஆறை எட்டியிருந்தது. அதிரீனல் சுரப்பிகள் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோனின் காலை அளவும், அதன்பின் அச்சுரப்பிகளைத் தூண்டும் சினக்தென் என்னும் ஊசி மருந்தை 250 மைக்கிரோகிராம் செலுத்தி அரை மணித்தியாலத்திலும் ஒரு மணித்தியாலத்திலும் இரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையும் அதிரீனல் சுரப்பிகள் செயலிழந்துவிட்டன என்பதை உறுதிப்படுத்தின. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் இந்த இரு சுரப்பிகளிலும் சுண்ணாம்புப் படிவு இருப்பதை சீ.ரி. படம் காட்டியது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னர் அம்மாவுக்கு வந்து, மருந்தால் மாறிவிட்டதாக நாங்கள் மறந்தே போயிருந்த காசநோய்தான், கால் நூற்றாண்டுக்குப் பிறகு தன் கணக்கை முடிக்க வந்திருந்தது. லண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் அடிசன் 1855 இல், இன்று அடிசன் நோய் எனப்படும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்கும் காசநோயே காரணமாக இருந்தது. மேற்கு நாடுகளில் இன்று உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சுரப்பியையே தாக்குவதுதான் முதன்மைக் காரணம் என்கிறார்கள். நமது பக்கத்தில் பழைய எதிரி இன்னும் ஓய்வுபெறவில்லை.

இனிக் குளிசையின் வேலைக்கு வருவோம். ஆரோக்கியமான உடலில் கோட்டிசோல் விடியும் வேளையில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவில் மிகக் குறைகிறது. ஹைட்ரோகோட்டிசோன் என்பது அதே கோட்டிசோல்தான். ஆய்வுகூடத்தில் செய்து குளிசையாக அடைத்திருக்கிறார்கள். உட்கொண்ட அளவில் பாதி ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், காலையில் விழுங்கியது பின்னேரம் வரை தாக்குப்பிடிக்காது. அதனாலேயே பெரிய பங்கைக் கண்விழித்தவுடனும் சிறிய பங்குகளைப் பிறகும் எடுக்கச் சொல்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை போதும். அம்மாவுக்குப் பதினேழரை. அவர் நாலரை மணிக்கு எழுந்து, முகம் கழுவி, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்ற முன்னரே முதற் குளிசையைப் போட்டுவிடுகிறார். அரை மணித்தியாலத்தில் பூப்பறிக்கப் போகும் அளவுக்குத் தெம்பு வந்துவிடும். பின்னேரத்துக் கால் துண்டை ஐந்து மணிக்குப் பிந்தவிட்டால் இரவு முழுவதும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். கசப்பு அதிகம்; நாக்கில் ஒரு கணம் தங்கினாலும் தேநீரின் சுவை கெட்டுவிடும்.

பலனைப் பொறுத்தவரை எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. இரண்டாம் நாளே பசி வந்தது. மூன்று வாரத்தில் நடை திரும்பியது. தோலின் கருமை மெல்ல மெல்ல, பல மாதங்களில் மங்கியது. இவ்வளவு வேகமாக ஒருவரைத் தூக்கி நிறுத்தும் மருந்தை நான் வேறு பார்த்ததில்லை.

குளிசையோடு வரும் துண்டுத்தாளைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. எலும்பு தேயும், முகம் ஊதும், சீனி ஏறும், தொற்றுக்கள் பெருகும் என்று அது பொடி எழுத்தில் அச்சுறுத்துகிறது. அவை மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் பெரிய அளவில் நீண்ட காலம் ஸ்டெரொயிட் (இந்தக் குளிசையும் சேர்ந்த மருந்து வகை) எடுப்பவர்களுக்குப் பொருந்தும் எச்சரிக்கைகள். சுரப்பி செய்யத் தவறியதைச் செய்யத் தவறிய அளவிலேயே ஈடுசெய்பவருக்கு அவை அப்படியே பொருந்தா. ஆனால் துண்டுத்தாளை வாசித்த சின்னம்மா, "அக்கா, இது ஸ்டெரொயிட்டாம், கிட்னி போயிடும், நிப்பாட்டுங்கோ" என்று தொலைபேசியில் சொல்ல, அம்மா எனக்குத் தெரியாமல் மதியத் துண்டைப் பூச்சாடிக்குள் போடத் தொடங்கினார். பத்தாம் நாள் மீண்டும் தலைச்சுற்று. இந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதே உயிராபத்து என்பதைத் துண்டுத்தாள் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிறது. அந்த வரி பெட்டியின் வெளியே சிவப்பில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் எலும்பும் எடையும் பாதிக்கப்படும் என்பதும் உண்மையே. அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் எடையையும், படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தத்தையும், சோடியம் பொற்றாசிய அளவுகளையும் பார்த்து அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

வாங்குபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டுகளில் ஹைட்ரோகோட்டிசோனை எச்.சி.ரி. என்று சுருக்கி எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதே சுருக்கம் ஹைட்ரோகுளோரோதயசைட் என்னும் மருந்தையும் குறிக்கக்கூடும். அது உடலிலிருந்து உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் பிறஷர் குளிசை. உப்பைத் தக்கவைக்க முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னொரு துளை இடுவதற்குச் சமம். நகரில் ஒரு மருந்தகத்தில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அவ்வாறான ஓர் அட்டையை உறையில் இட்டு என் கையில் தந்துவிட்டார்கள். அட்டையின் பின்புறத்துப் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழக்கம் எனக்கு இருந்ததால் தப்பினோம். திருப்பிக் கொடுத்தபோது கல்லாவில் இருந்த பிள்ளை மன்னிப்புக் கேட்டார். நானும் கோபிக்கவில்லை, அந்தச் சீட்டின் கையெழுத்தை எவர் வாசித்தாலும் அவ்வாறே நேர்ந்திருக்கும். அன்றிலிருந்து சீட்டில் முழுப் பெயரையும் தெளிவாக எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

2022 இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் குளிசை எங்கள் கண்ணிலேயே படவில்லை. திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பட்டணம் வரை ஏறி இறங்கியும் கிடைக்காத நிலையில், வைத்திய நிபுணர் ஐந்து வாரங்களுக்குப் பிரெட்னிசொலோன் என்னும் வேறொரு ஸ்டெரொயிட்டுக்கு மாற்றினார். ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசொலோன் ஏறத்தாழ இருபது மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோனுக்கு ஈடாகும். நாளுக்கு ஒரு முறை போதும், விலையும் மலிவு, எந்த மருந்தகத்திலும் இருக்கும். இவ்வளவு வசதி இருந்தும் அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. முகம் சற்று உப்பியது, இரவில் பசித்தது. வேறு பலருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். மூன்று வேளையை மறந்துவிடும் இயல்புள்ளவர்களுக்கு அதுவே உகந்ததாகக்கூடும்.

இதன் கூட்டாளியான புளூட்ரோகோட்டிசோனைப் பற்றியும் சில சொற்கள். சுரப்பியே பழுதடைந்தவர்களுக்கு அல்டொஸ்ரெரோன் என்ற ஓமோனும் இல்லாமற்போவதால், உப்பைத் தக்கவைக்க இந்தச் சிறு குளிசை தேவைப்படுகிறது. அம்மாவுக்கு நாளுக்கு 100 மைக்கிரோகிராம். சில தயாரிப்புகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதால், வைகாசி வெயிலில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருபவர்கள் பெட்டியின் உறையைப் படித்துப் பார்ப்பது நல்லது. அதிரீனலை இயக்கும், மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி பழுதடைந்ததால் கோட்டிசோல் குறைந்தவர்களுக்கு இது வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. அவர்களுக்குத் தோலும் கறுப்பதில்லை. பிள்ளைப்பேற்றின்போது பெருமளவு இரத்தம் இழந்தவர்கள், புடையன் பாம்பு கடித்துப் பிழைத்தவர்கள், ஸ்டெரொயிட்டை நீண்டகாலம் எடுத்துத் திடீரென விட்டவர்கள் ஆகியோரிடையே இத்தகையோர் உண்டு. கறுக்காததால் அவர்களது நோய் இன்னும் தாமதமாகவே பிடிபடுகிறது.

உப்பு விடயத்தில் எங்கள் வீடு ஊருக்கு நேர்மாறாக நடக்கிறது. அடுத்த வீட்டார் பிறஷருக்குப் பயந்து கறியில் உப்பைக் குறைக்க, அம்மா ஆனையிறவு உப்புப் போட்ட மோரைச் செம்பில் வைத்துக் குடிக்கிறார். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெயிலில் நின்று வியர்ப்பவர் என்பதால் அந்தக் காலத்தில் உப்பைக் கூட்டிக்கொள்ளும்படி வைத்தியரே சொன்னார். கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பதைத்தான் அவர் அனுமதிக்கவில்லை. மருந்து விரதத்தை முறிக்காது, பாலும் பழமும் முறிக்காது என்று அம்மா தானாகவே தீர்ப்புக் கூறி, ஆறு நாளும் வேளை தவறாமல் குளிசை போட்டார்.

இந்த மருந்தை மதிப்பிட வேண்டிய உண்மையான நாள் காய்ச்சல் வரும் நாள். காய்ச்சலோ காயமோ சத்திரசிகிச்சையோ நேரும்போது நல்ல சுரப்பி தன் உற்பத்தியைப் பல மடங்காக்குகிறது. குளிசைக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே அந்த அறிவை நாம்தான் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லித் தந்த நெறி இதுதான்: காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் அளவை இரட்டிப்பாக்குவது, 39 ஐத் தாண்டினால் மும்மடங்காக்குவது, மாறியவுடன் பழைய அளவுக்குத் திரும்புவது, வாந்தியில் குளிசை வெளியே வந்துவிட்டால் மீண்டும் கொடுப்பது, அதுவும் தங்காவிட்டால் ஊசி போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுவது. மருந்தைக் குறைப்பதையே நல்லொழுக்கமாகக் கருதும் ஊரில், கூட்ட வேண்டிய நாளில் துணிந்து கூட்டுவது எளிதன்று. முதல் முறை என் கை நடுங்கியது.

ஒரு மார்கழி மழைக்குப் பின்னர் அம்மாவுக்கு டெங்கு வந்தது. அவரை அனுமதித்த வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர், டெங்குவுக்கு ஸ்டெரொயிட் கொடுப்பதில்லை என்று கூறிக் குளிசையை நிறுத்தப் பார்த்தார். டெங்குவைக் குணப்படுத்த ஸ்டெரொயிட் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பது சரியே. ஆனால் சொந்தமாகக் கோட்டிசோல் சுரக்காதவருக்கு அதை நிறுத்துவது முற்றிலும் வேறு விடயம். அம்மாவின் நோயையும் மருந்தையும் குறித்துக் கிளினிக்கில் தந்த அட்டையை நீட்டினேன். அவர் வாசித்து, மேலதிகாரியுடன் பேசி, உடனே அளவைக் கூட்டி எழுதினார். நான் அன்று அட்டையை வீட்டில் விட்டுப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

ஊசி மருந்தை ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறோம். சிறு கண்ணாடிக் குப்பியில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகோட்டிசோன் தூள். கரைப்பதற்கான நீர் வேறு, ஊசியும் சிறிஞ்சும் வேறு வேறாக வாங்க வேண்டும். தூளில் நீரைச் செலுத்தி, குலுக்கி, திரும்ப உறிஞ்சி, தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றும் முறையைக் கிளினிக் தாதி ஒருவர் தோடம்பழத்தில் குத்திக் காட்டிக் கற்றுத் தந்தார். இரவு இரண்டு மணிக்கு, வாந்தி எடுத்துக் கண் சொருகிக் கிடக்கும் தாய்க்கு அருகில் இருந்து நீர்க்குப்பியின் கழுத்தை உடைப்பது தோடம்பழத்தில் குத்துவதைப் போன்றதன்று. முதற் குப்பியை நான் நொறுக்கி விரலையும் வெட்டிக்கொண்டேன். இரண்டாவது குப்பி இருந்ததால் தப்பினோம். ஆகவே எல்லாவற்றிலும் இரண்டு வாங்கி வையுங்கள். ஊசி போட்டுவிட்டு 1990 ஐ அழைத்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய கால்களை உயர்த்தி வைத்திருந்தேன். வைத்தியசாலையில் சேலைனோடு மேலும் மருந்து ஏற்றினார்கள். காலையில் அவர் கேட்ட முதற் கேள்வி, ஆட்டுக்குக் குழை வைத்தாயா என்பதுதான்.

கஸ்தூரியார் வீதியில் ஒரு பொற்கொல்லரிடம் வெள்ளித் தகடு செய்வித்து, நோயின் பெயரையும் ஹைட்ரோகோட்டிசோன் அவசியம் என்பதையும் பொறித்துக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறோம். கைக்காப்பாகச் செய்யலாம் என்றேன். சந்தையில் நாலு பேர் கேட்பார்கள் என்று அம்மா மறுத்துவிட்டார்.

வேறு மருந்துகளோடு சேரும்போது கவனிக்க வேண்டியவை பல. காசநோய்க்குக் கொடுக்கும் றிபம்பிசின் கோட்டிசோலை விரைவாகச் சிதைப்பதால் அளவைக் கூட்ட நேரும். இருமலுக்கென்று நாம் தயங்காமல் வாயில் போடும் அதிமதுரம் அதற்கு மாறாகக் கோட்டிசோலின் வினையை மிகைப்படுத்திப் பொற்றாசியத்தை இறக்கக்கூடியது. நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் முன் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

புள்ளி போட்டுப் பழகியவள் என்பதால் போட்டுவிடுகிறேன். பலனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, உடையும் ஒழுங்குக்கு நாற்பது, துண்டுத்தாளுக்குச் சித்தியில்லை. லண்டனிலிருந்து வந்த தம்பி ஐந்து மில்லிகிராம் குளிசைகள் கொண்டுவந்திருந்தான். அங்கே இரண்டரை மில்லிகிராமிலும் கிடைக்கிறதாம். அந்த ஒரு மாதம் கத்தியும் பெட்டியும் அலுமாரிக்குள் ஓய்வெடுத்தன. விலையை இங்கே குறிப்பிடவில்லை. அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அரச கிளினிக்கில் இருப்பு உள்ள மாதங்களில் எங்களுக்குக் காசே செலவாவதில்லை. இங்கே எழுதிய அளவுகள் அம்மாவுக்கு உரியவை. உங்களுடையதை உங்கள் வைத்தியரே சொல்ல வேண்டும்.

தற்போது அம்மாவின் தகரப் பேணியில் நாற்பது குளிசைகளும் இரண்டு ஊசிக் குப்பிகளும் இருக்கின்றன. குப்பிகளின் காலாவதித் திகதி ஐப்பசியோடு முடிகிறது. மழை தொடங்குவதற்கு முன் புதியவற்றை வாங்க வேண்டும்.